சாப்பிட ஆள் இருந்தால் விதை நிற்கும்

வாசகர் கேள்வி – பதில்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் வட்டத்தில் பாரம்பரிய நெல், பள்ளித் தோட்டம், வீட்டு உணவு ஆகியவற்றுக்காக ஓர் அறக்கட்டளையை நடத்திவரும் முன்னாள் பள்ளி ஆசிரியை இந்த இதழில் பதிலளிக்கிறார்.

ஊட்டச்சத்துவியலில் முதுகலை முடித்திருக்கிறேன். வீட்டில் டி.என்.பி.எஸ்.சி. எழுதச் சொல்கிறார்கள். எனக்கோ உணவு, கல்வி சார்ந்த தொண்டு நிறுவனத்தில் சேர ஆசை. இதில் ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா? நீங்கள் எப்படி இந்த வேலைக்கு வந்தீர்கள், அம்மா?
– வாசகி, தக்கலை

முடியும், மகளே. முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தோவாளைப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தேன். நாகர்கோவிலில் தாவரவியல் படித்து, பி.எட். முடித்து, பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு குளச்சல் பக்கத்து முகாம்களில் சமையல் பொறுப்பைக் கவனிக்கும் வேலை எனக்கு வந்தது. எங்கள் முகாமுக்கு லாரியில் வெள்ளை அரிசி வந்து இறங்கியது. சிவப்புச் சம்பா அரிசிச் சோற்றில் பழகிய பெரியவர்கள் இரண்டு வாய்க்கு மேல் உண்ணவில்லை. அதே நேரத்தில் அங்கிருந்து சில மைல் தள்ளி, உள்நாட்டு ஏலாக்களில், அதாவது வயல்வெளிகளில், கும்பப்பூ என்னும் இரண்டாம் பருவ நெல் கதிர் வாங்கி நின்றது. பக்கத்தில் விளைவது பக்கத்தில் இருப்பவர் தட்டுக்கு ஏன் போய்ச் சேரவில்லை? இந்தக் கேள்விதான் என்னை ஆசிரியர் வேலையிலிருந்து வெளியே இழுத்தது. வயல், அடுக்களை, பள்ளிக்கூடம் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் நகராது என்று அப்போதே எனக்குப் பட்டது. விதையைக் காப்பாற்றுகிறோம் என்று ஜாடியில் போட்டு மூடி வைப்பவர்கள் உண்டு. அதைச் சோறாக்கிச் சாப்பிட ஆள் இருந்தால்தான் அடுத்த பூவுக்கு, அதாவது அடுத்த நெல் பருவத்துக்கு, அது மறுபடி மண்ணுக்குப் போகும். நான் செய்யும் வேலை முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

இனி உன் விஷயம். ‘சேவை மனப்பான்மை வேண்டும்’ என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கும் இடத்தில் சேராதே. வேலை நியமன ஆணை, மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, விடுப்பு இவற்றைக் கேட்டு வாங்கு. குறைந்த சம்பளத்தில் யாரால் நீடிக்க முடியும்? வீட்டில் வேறு வருமானம் உள்ளவர்களால் மட்டும்தான். அப்படியானால் கூலிக்குப் போகும் வீட்டுப் பெண்பிள்ளைகள் இந்த வேலைக்கே வர முடியாமல் போகும். பசியை அறிந்தவர்கள் இல்லாமல் உணவைப் பற்றி என்ன திட்டம் போட முடியும்?

படிக்க விரும்பினால் திண்டுக்கல் பக்கம் 1956-இல் தொடங்கிய காந்திகிராம ஊரக நிறுவனம் இருக்கிறது. குஜராத்தின் ஆனந்தில் ஊரக மேலாண்மைக்கென்று 1979-இல் தொடங்கிய நிறுவனம் இருக்கிறது. ஆனால் பட்டத்துக்கு முன் முதல் பருவமான கன்னிப்பூ ஒன்றும் கும்பப்பூ ஒன்றும் யாராவது ஒரு விவசாயியோடு இருந்து பார். விதைப்பு, நடவு, களையெடுப்பு, அறுவடை, நெல் அவிப்பு எல்லாவற்றிலும் நில். கணக்குப் புத்தகம் எழுதப் பழகு. அரசு அலுவலகத்துக்கு மனு எழுதப் பழகு. நாற்பது பேருக்குச் சமைக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. நல்ல மனதோடு வந்த பலர் ரசீது எழுதத் தெரியாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

டி.என்.பி.எஸ்.சி.யையும் விட்டுவிடாதே. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 முதல் நடக்கிறது. அதில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்கு உன் படிப்புதான் தகுதி. ஒரு வட்டாரத்தின் அங்கன்வாடிகள் எல்லாம் அவர் பொறுப்பில் வருகின்றன. அத்தனை குழந்தைகளின் தட்டுக்கு அருகில் வேறு எந்தத் தொண்டு நிறுவனமும் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தாது. வீட்டார் சொல்வதும் நீ ஆசைப்படுவதும் இங்கே ஒன்றாகவே சேர்கின்றன.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் காய்கறித் தோட்டம் போட நினைக்கிறேன். தலைமையாசிரியர் தயங்குகிறார். பிள்ளைகளை வேலை வாங்குவதாகப் பெற்றோர் சொல்வார்கள், கோடை விடுமுறையில் எல்லாம் காய்ந்துவிடும் என்கிறார்.
– வாசகர், இரணியல்

சார், தலைமையாசிரியரின் இரண்டு பயங்களும் நியாயமானவை.

பெற்றோரின் பேச்சுக்கு ஒரே வழி, தோட்டம் போடுவதற்கு முன்பே அவர்களைக் கூப்பிட்டுப் பேசுவது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிவிடுங்கள். இன்று கல்வி அமைச்சகம் எனப்படும் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமே 2019-இல் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதன் நகலைக் கோப்பில் வையுங்கள். இன்னொன்றை நீங்கள் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்: தாமதமாக வந்த பிள்ளையை, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைத் தோட்டத்துக்கு அனுப்பும் வழக்கம் ஒரு நாளும் நுழையக் கூடாது. மண்வெட்டி தண்டனையாகிவிட்டால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் விவசாயத்தைத் தண்டனையாகத்தான் பார்க்கும். நம் சமூகத்தில் ‘படிக்காவிட்டால் மாடு மேய்க்கப் போவாய்’ என்று சொல்லிச் சொல்லி ஏற்கெனவே போதுமான கேடு செய்துவிட்டோம்.

விடுமுறைக்கு வருவோம். தோட்டம் காய்ந்துபோவதற்குக் காரணம் பயிர்த் தேர்வு. ஜூனில் பள்ளி திறந்ததும் தென்மேற்குப் பருவமழை நமக்குக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையையும் நன்றாகப் பெறும் மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. அப்போது வெண்டை, கத்தரி, பயறு, தண்டங்கீரை போடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் இன்னொரு சுற்று. மாசியில், பரீட்சைக்கு முன்பாக, சேனையும் காய்ச்சில் கிழங்கும் குழியில் வைத்து மேலே சருகு மூடிவிடுங்கள். நம் அம்மாச்சிகள் கும்பம் என்ற இந்த மாசி மாதத்தில்தான் சேனை நட்டார்கள். சித்திரையில் பெய்யும் கோடைமழையில் அது முளை விடும், பள்ளி திறக்கும்போது குடை விரித்து நிற்கும். எட்டு, ஒன்பது மாதத்தில், கார்த்திகை மார்கழியில் தோண்டலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை நட்டதை அதே பிள்ளை ஏழாம் வகுப்பில் தோண்டி எடுத்து எடை போடும். நட்ட துண்டின் எடை, எடுத்த கிழங்கின் எடை, இரண்டுக்கும் உள்ள விகிதம் – இதைவிட நல்ல கணக்குப் பாடத்தை நான் கற்பித்ததில்லை. வேலியோரம் முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி போதும்.

இந்தத் தோட்டம் பள்ளிக்கே சோறு போடும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், போடாது. அதன் பயன் வேறு. வெண்டைக்காயைத் தட்டில் ஒதுக்கும் பிள்ளை, தான் பறித்ததை ஒதுக்காது. அதற்காகத்தான் சத்துணவு அமைப்பாளரையும் சமையலரையும் முதல் நாளிலிருந்தே உங்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். தோட்டக்காரர்கள் பலரும் மறந்துவிடுவது இவர்களைத்தான். காலையில் எவ்வளவு கீரை கொடுத்தால் அவர்களால் அரிந்து முடிக்க முடியும் என்று கேளுங்கள். முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அவர்களுக்குச் சுமையாகும் கீரை குப்பைக்குத்தான் போகும்.

1956-இல் காமராஜர் தமிழ்நாடு முழுவதும் பள்ளி மதிய உணவைக் கொண்டுவந்தார். 1969-இல் நாகர்கோவில் தொகுதி மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தட்டில் நம் மண்ணின் கீரையும் கிழங்கும் விழ வேண்டும் என்று கேட்க நமக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறது என்கிறார்கள். தண்ணீரில் போட்டால் சில மணிகள் மிதக்கின்றன. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, குளச்சல்

கொடுக்கலாம், பயம் வேண்டாம். மிதப்பது செறிவூட்டப்பட்ட அரிசி மணி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைக் கலந்து இயந்திரத்தில் அரிசி வடிவமாக அச்சிட்டு எடுப்பார்கள். சாதாரண அரிசி 100 மணிக்கு இது 1 மணி என்ற அளவில் கலக்கப்படுகிறது. நிறமும் எடையும் சற்று மாறுவதால் பார்த்தவுடன் சந்தேகம் வருகிறது. பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறோம். பலமுறை தேய்த்துக் கழுவாதீர்கள். வடித்த கஞ்சியையும் கொட்டிவிடாதீர்கள், உப்புப் போட்டுக் குடியுங்கள்.

ஆனாலும் இரத்தசோகைக்கு இந்த ஒரு மணியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் ஊர்க் கடற்கரையில் சாளையும் நெத்திலியும் வந்து இறங்குகின்றன. முருங்கைக்கீரை வேலியில் நிற்கிறது. சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை சேர்த்தால் கீரையின் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் சேராது. அந்தத் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாலே பாதி வேலை முடியும்.

பூதப்பாண்டிப் பக்கம் ஒரு ஏக்கர் வயல் இருக்கிறது. மகன் தென்னை வைக்கச் சொல்கிறான். எனக்கு அப்பா காலத்துக் கட்டிச்சம்பாவை இயற்கை முறையில் போட ஆசை. கட்டுப்படியாகுமா?
– வாசகர், பூதப்பாண்டி

அண்ணாச்சி, நெல்லாக விற்றால் கட்டுப்படியாகாது. அரிசியாக விற்றால் ஆகும். இதை உங்கள் மகனிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நாஞ்சில் நாட்டு வயல்கள் வாழையாக, தென்னையாக, வீட்டுமனையாக மாறியது யாருடைய பேராசையாலும் மட்டும் அல்ல. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கூலி ஏறியது, நெல் விலை அதற்கு ஈடாக ஏறவில்லை. கன்னிப்பூ அறுவடை ஆவணி, புரட்டாசி மழையில் மாட்டிக்கொண்டால் வைக்கோலும் போய்விடும். இந்தக் கணக்கைப் போடாமல் பாரம்பரியத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

கட்டிச்சம்பா உயரமாக வளரும். யூரியா போட்டால் சாய்ந்துவிடும். எனவே இயற்கை முறை அதற்குப் பொருந்தும், ஆனால் விளைச்சல் குறைவுதான். ஏக்கர் முழுவதும் போடாதீர்கள். கால்வாசியில் அதைப் போட்டு, மீதியில் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம் ஒன்றைப் போடுங்கள். அந்த நிலையத்தின் டி.பி.எஸ். 1 ரகமே ஐ.ஆர். 8 என்ற நவீன நெல் ரகத்தையும் நம் கட்டிச்சம்பாவையும் இணைத்து உருவாக்கியதுதான். நம் பழைய விதை இல்லாமல் போயிருந்தால் அந்தப் புதிய ரகமும் கிடைத்திருக்காது.

அடுத்தது தண்ணீர். பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாய் வழியாக மடைக்கு மடை இறங்கி வருகிறது. மேல் வயலில் அடித்த மருந்து உங்கள் வயலுக்கும் வந்து சேரும். தனியாளாக இயற்கை விவசாயம் செய்வது கடைமடையில் மிகவும் கடினம். ஒட்டினாற்போல் நிலம் உள்ள நாலு பேரைச் சேருங்கள். பங்கேற்பு உத்தரவாத முறை என்ற அரசின் சான்றிதழுக்கும் குறைந்தது ஐந்து விவசாயிகள் கொண்ட குழு வேண்டும். ஒருவர் வயலை ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடும் முறை அது, செலவும் மிகக் குறைவு.

அறுத்த நெல்லை அவித்து, காயவைத்து, ஆலையில் தவிடு போகாமல் லேசாகத் தீட்டி வாங்குங்கள். அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்குகிறது. புழுங்கலரிசி உண்ட ஊர்களில் பெரிபெரி நோய் குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணம். பிறகு விற்பனை. விதைக்கும் முன்பே வாங்குகிறவர்களைப் பிடியுங்கள். தெரிந்த வீடுகளில் மாதம் இவ்வளவு கிலோ என்று பேசி, கொஞ்சம் முன்பணம் வாங்குங்கள். நாங்கள் நெல் குழுக்களுக்குச் செய்யும் முதல் வேலை விதை கொடுப்பது அல்ல, வாங்கும் வீடுகளின் பட்டியலைத் தயாரிப்பது. பட்டியல் நிரம்பாவிட்டால் அந்தப் பருவம் பரப்பைக் குறைத்துவிடுவோம்.

தென்னையை வரப்போடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி மகனிடம் இரண்டு பூ அவகாசம் கேளுங்கள்.

ரப்பர் தோட்டத்தில் உணவுப் பயிர் செய்ய முடியுமா? ஒக்கிப் புயலில் முறிந்த மரங்களுக்குப் பதில் நட்டவை வளர்ந்துவிட்டன. இன்னொரு பகுதியில் இனிதான் நடப்போகிறேன்.
– வாசகர், குலசேகரம்

வளர்ந்த தோட்டத்தில் நிழல் மூடிவிட்டது, அதில் உணவுப் பயிர் வராது. இனி நடப்போகும் பகுதியில் முதல் மூன்று வருடம் அன்னாசி, வாழை போடலாம். பால் வெட்ட ஏழு வருடம் ஆகும் என்பதால் அந்த வருமானம் கைகொடுக்கும். மட்டி வாழையை மறந்துவிடாதீர்கள். 2023-இல் கன்னியாகுமரி மட்டி புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது, குழந்தைகளுக்கு முதல் உணவாக நாம் கொடுக்கும் பழமும் அதுதான்.

வளர்ந்த தோட்டத்திலிருந்தும் ஓர் உணவு கிடைக்கும்: தேன். இலை உதிர்ந்து மாசி, பங்குனியில் தளிர் விடும்போது, மூன்று இலைகள் சேரும் காம்பு நுனியில் இனிப்பு நீர் சுரக்கிறது. பூவிலிருந்து அல்ல, இந்தத் தளிரிலிருந்துதான் ரப்பர்த் தேன் வருகிறது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சேக்ப்ரூட் என்ற நச்சுயிரி நம் அடுக்குத் தேனீக் கூடுகளைப் பெருமளவில் அழித்தது. அதிலிருந்து மீண்டு வந்த வளர்ப்பாளர்கள் மார்த்தாண்டத்தைச் சுற்றி இருக்கிறார்கள். பெட்டி வைக்க அவர்களுக்கு இடம் கொடுங்கள். தோட்டத்தின் ஓரங்களில் காய்ச்சில், சேம்பு, மிளகு போட்டு வையுங்கள். ஒரே மரத்தை நம்பியிருந்த தோட்டங்கள் 2017 நவம்பர் 30 அன்று என்ன ஆயின என்பதை நீங்கள் நேரில் பார்த்தவர்.

நண்பர்கள் சேர்ந்து உணவுக்கல்விக்காக ஓர் அமைப்பைத் தொடங்குகிறோம். அறக்கட்டளையா, சங்கமா? வெளிநாட்டு நிதி கிடைக்குமா? இந்த மாதிரி வேலைகள் நம் மாவட்டத்துக்குப் புதிதல்லவா?
– வாசகர், நாகர்கோவில்

புதிதல்ல, தம்பி. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் ஊரகச் சீரமைப்பு மையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, முட்டையைச் சேர்ந்து விற்பது, கருப்பட்டித் தொழிலைச் சீராக்குவது எல்லாம் அங்கே நடந்தன. அவர் ஊர் மக்களுக்கு இலவசமாக எதையும் பெரிதாகக் கொடுக்கவில்லை. தரம் பிரித்து, சேர்ந்து விற்கக் கற்றுக்கொடுத்தார். அதனால்தான் மார்த்தாண்டம் தேன் என்ற பெயர் இன்றும் சந்தையில் நிற்கிறது. கன்னியாகுமரியில் விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் சமையலறைக் கழிவிலிருந்து சாண எரிவாயு போன்ற வாயு எடுக்கும் கலனையும் அசோலா என்னும் நீர்ப்பெரணி வளர்ப்பையும் பரப்பியிருக்கிறது. தொடங்குவதற்கு முன் அங்கே போய்ப் பாருங்கள்.

பதிவு: அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம். சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் குறைந்தது ஏழு உறுப்பினர்களுடன் மாவட்டப் பதிவாளரிடம். நண்பர்கள் எல்லோரும் சமமாகப் பொறுப்பேற்பது என்றால் சங்கமே நல்லது. பொதுக்குழு கூட வேண்டும், தேர்தல் நடத்த வேண்டும், அந்தக் கட்டாயம் நல்லதுதான். நாங்கள் அறக்கட்டளையாகப் பதிந்தது, நிலமும் விதைக்கிடங்கும் நிரந்தரமாக அதன் பெயரில் இருக்க வேண்டும் என்பதற்காக.

வெளிநாட்டு நிதியை இப்போது நினைக்கவே வேண்டாம். அமைப்பு மூன்று வருடம் நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் நோக்கத்துக்காகச் செலவாகியிருக்க வேண்டும், பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெற்ற பணத்தை வேறு அமைப்புக்குக் கொடுக்கவும் முடியாது. உள்ளூரில் நூறு ரூபாய் தருகிறவர்களைச் சேருங்கள். அவர்கள் வந்து கணக்குக் கேட்பார்கள், அது உங்களுக்குப் பாதுகாப்பு.

பெருநிறுவன நிதி வந்தால் நிபந்தனைகளை வரிக்கு வரி படியுங்கள். ஒரு நிறுவனம் எங்கள் பள்ளித் தோட்டத்துக்குப் பணம் தர முன்வந்தது. பிள்ளைகள் அந்த நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டை அணிந்து தட்டோடு நின்று படம் எடுக்க வேண்டும் என்றது. மறுத்துவிட்டோம். அந்த ஆண்டு இரண்டு பள்ளிகளில் தோட்டம் போட முடியவில்லை. அந்த இழப்போடும் அந்த முடிவு சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

உங்களுக்குப் பிடித்த சாப்பாடு?
– வாசகி, கருங்கல்

மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கும் சாளை மீன் கறியும். மரச்சீனியில் புரதம் மிகக் குறைவு, சாளையில் அது நிறைய. ஏழை வீடுகளில் பிறந்த இந்தச் சேர்க்கையில் அவ்வளவு அறிவு இருக்கிறது. கிழங்கைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள். கட்டுள்ள (கசக்கும்) கிழங்கென்றால் இரண்டு முறை.

உங்களுக்குப் பிறகு அறக்கட்டளையை யார் நடத்துவார்கள்? பெரும்பாலான அமைப்புகள் தொடங்கியவரோடு முடிந்துவிடுகின்றனவே.
– வாசகர், மார்த்தாண்டம்

என் பிள்ளைகள் நடத்தமாட்டார்கள். அறக்கட்டளைப் பத்திரத்திலேயே குடும்பத்தில் ஒருவருக்கு மேல் அறங்காவலராக இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறோம். இப்போது வங்கிக் காசோலையில் என் கையெழுத்து மட்டும் இருந்தால் செல்லாது. இரண்டாவது கையெழுத்துப் போடுகிறவர் முன்பு சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருந்தவர். எந்தப் பள்ளியில் எந்தக் கீரை மிஞ்சும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். வேளாண் துறைக் கூட்டங்களுக்கு அவர்தான் போகிறார். ஆரம்பத்தில் அதிகாரிகள் ‘மேடம் வரவில்லையா’ என்று கேட்டார்கள், இப்போது கேட்பதில்லை.

பொறுப்பு கைமாறும் முன் நான் முடித்துவைக்க நினைப்பது ஒன்றுதான். தலைமைப் பொறுப்புக்கு ஒரு ஆசிரியர் வாங்கும் அளவுக்குச் சம்பளம், எங்கள் அரிசி, தேன் விற்பனையிலிருந்தே வரும்படி நிலைநிறுத்த வேண்டும். எனக்குக் கணவரின் ஓய்வூதியம் இருக்கிறது, அதனால் இத்தனை நாள் சமாளித்தேன். அடுத்து வருகிறவருக்கு இரண்டு பெண்பிள்ளைகளும் வாடகை வீடும் இருக்கின்றன. அந்தச் சம்பளத்துக்கான வரவு வரும் கும்பப்பூவில் முக்கால்வாசி எட்டிவிடும். மீதிக் கால்வாசிக்கு அரிசி வாங்கும் வீடுகளைத்தான் இப்போது மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் தேடிக்கொண்டிருக்கிறோம்.